நாலாயிரத்து நூறு அடி

பெருங்குடி ஓடுபாதையின் உயரம்
கடல்மட்டத்திலிருந்து நானூற்று அறுபது அடி.
அது கல்லில் வெட்டினது மாதிரி, மாறாது.
மாறுவதெல்லாம் என் மேசைக்கு வரும்.

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள், பிற்பகல் மூன்றரை.
அழுத்தம் ஆயிரத்து இரண்டு என்று
வானிலை அறையிலிருந்து சொன்னார்கள்.
கணக்குக்கென்று உலகம் வைத்துக்கொண்ட எண்
ஆயிரத்துப் பதின்மூன்று.
பதினொரு புள்ளி குறைச்சல்,
புள்ளிக்கு முப்பது அடி.
கூட்டினால் எழுநூற்றுத் தொண்ணூறு.
ஒரு செங்கல்கூட வைக்காமல்
பாதை முழுசாக உயர்ந்துவிட்டது.

இதற்குமேல் வெயில் தன் பங்கை எழுதும்.
நாற்பத்தொரு டிகிரி.
அட்டவணையில் விரல் ஓடி நின்ற இடம்
நாலாயிரத்து நூறு.

சன்னலுக்கு வெளியே பரங்குன்றத்துப் பாறை.
அதை அண்ணாந்துதான் பார்க்கிறோம்.
தாளின்படி விமானம்
அதைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு மேலே,
சிறுமலையின் முதுகில் நிற்கிறது,
குளிர் இல்லாமல்,
வாழைத்தோப்பு இல்லாமல்,
சக்கரத்தின் கீழே தார் இளக.

"அறுநூத்தி நாப்பது கிலோ இறக்கணும்" என்றேன்.
சோணைமுத்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.
"வெயிலுக்கு விமானம் கனக்குமாக்கா?"

கனக்காது. காற்றுதான் இளைத்துவிட்டது.
இறக்கை கையூன்ற அங்கே ஆள் போதாது.
எஞ்சின் வாய் நிறைய அள்ளினாலும்
பாதி சோறு, பாதி ஆவி.
இதைச் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தேன்.
நாளெல்லாம் அந்தத் தளத்தில் நிற்பவனுக்கு
வெயிலைப் பற்றி நான் என்ன சொல்ல.

ஆறரைக்குப் புறப்பட்டால் எல்லாம் ஏறும்.
கேப்டனின் பணிநேரம் அதுவரை வராது.
எண்ணெயைக் குறைக்க முடியாது,
கடல் குறையாது.
ஆளை இறக்கினால் கூச்சல்.
பெட்டிக்கு வாயில்லை.

இருபத்தேழு உருப்படி. வரிசை நான் போட்டது.
கடைசியாக இறங்கியது ஒரு கிரைண்டர்.
போர்வையில் சுற்றி, சணலால் குறுக்கே கட்டி,
மார்க்கர் பேனாவில் ஹபீபுன்னிசா, ஷார்ஜா.
அடியில் சின்னதாக:
கல் இருக்கு, மெதுவா.
மெதுவாகத்தான் இறக்கினான்.

விமானம் ஓடியது. ஓடியது.
வழக்கமாகத் தூக்கும் இடம் தாண்டியும் ஓடியது.
எண்ணை நம்புகிறவளுக்கும் அந்த நாலு நொடி
வயிற்றுக்குள் வேறொரு தாள்.
பிறகு தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே
கானல் புகுந்தது,
ஆடு நுழையும் அளவு,
அப்புறம் ஒரு பனை அளவு.
அதற்குமேல் அது வேறொருவர் கணக்கு.

இரவு பத்து. வில்லாபுரம் வீடு.
தவசியின் மேசையில் மருந்தடிக்கும் ட்ரோன்,
மேலூர்க்காரர் பழுதுக்குக் கொடுத்தது.
விசிறிகளைக் கழற்றி
மின்கம்பியில் கட்டிப்போட்ட கன்று மாதிரி.

"நாலு மணிக்குப் பூஜ்யம் வெச்சேன்.
தொடக்கூட இல்ல. இப்பப் பாரு,
மைனஸ் இருபத்தொண்ணு மீட்டர்.
மேசையோட சேந்து கெணத்துல எறங்கிருச்சா?
சென்சார் போச்சு."

போகவில்லை.
பகலில் வெளியேறிய காற்று
தெருத்தெருவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.
மொட்டைமாடி மேல், எங்கள் இருவர் தோள் மேல்,
அந்தச் சின்னப் பெட்டிக்குள்
நகக்கண் அளவுத் தகட்டின் மேல்
சத்தமில்லாமல் உட்கார்ந்தது.
தகட்டுக்குப் பாரம் என்றொரு சொல் தெரியாது.
தெரிந்ததைச் சொன்னது: ஆழம்.

"கழட்டாத. அது சரியாத்தான் இருக்கு."
அவன் நம்பவில்லை. திருப்புளியைக் கீழே வைக்கவும் இல்லை.

இந்நேரம் ஓடுபாதை
ஆயிரத்து இருநூறு அடி இறங்கி வந்திருக்கும்.
இப்போது எல்லாம் தூக்கும்.
புறப்பட ஒரு விமானமும் இல்லை.
கிடங்கில், தராசுக்குப் பக்கத்தில்,
கல் இருக்கிறது.