இடது ஓரத்துக்காரி

அண்ணா நகரில் மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
கரண்ட் போய் வந்த மதியம், ஏசி இன்னும் முனகுகிறது.
நஸ்ரீன் என் உடம்பில்
முப்பத்தொன்பது உருண்டைகளை ஒட்டுகிறாள்,
இலந்தைப்பழ அளவு, சாம்பல் நிறம்.
வியர்வையில் மூன்று உதிர்கின்றன.
பொறுக்கித் துடைத்து, பிளாஸ்திரி வைத்து
மறுபடி ஒட்டுகிறாள்.
"மதுரைக்குன்னு தனியாப் பசை செய்யணும்க்கா."

சுற்றிலும் எட்டு கேமராக்கள்,
கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம்.
நடங்க என்றாள், நடந்தேன்.
திரையில் நான் இல்லை.
புள்ளிகள் நடந்தன.
தோல் கிடையாது, ஊர் கிடையாது,
வலது முட்டியின் தையல் கிடையாது.
நொண்டல் மட்டும் அப்படியே இருந்தது.
ஆறு மாதமாக ஒத்தக்கடை பஸ்ஸில்
சீட் கிடைத்தும் நின்றே வந்து
நான் மறைத்து வைத்திருந்த நொண்டல்.

அடுத்து ஹெட்செட்.
அதில் யாரோ தேய்த்த நல்லெண்ணெய் வாசம்.
கண் திறந்தால் ஆடுகளம்.
கோடு இருக்கிறது, மண் இல்லை.
எதிரே ஏழு பேர், முகம் வைக்க மறந்த பொம்மைகள்.
"பயம் போகத்தான்க்கா. யாரும் பிடிக்க முடியாது.
சும்மா போய்ட்டு வாங்க."

சும்மா எப்படிப் போவது?
மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே போனேன்.
"பாட வேணாம்க்கா, இங்க நடுவரே இல்ல."
அதற்குள் கால் கோட்டைத் தாண்டியிருந்தது,
கபடி கபடி கபடி

இடது ஓரத்துப் பொம்மை
லேசாக இடுப்பை ஒடித்து நின்று
வலது கையைத் தொடையில் இருமுறை துடைத்தது.

மேலூர் மைதானம்.
ஆட்டம் முடிய நான்கு நிமிடம்.
என் கணுக்காலை வாங்கிய கை அது.
வாடிப்பட்டி சகாயராணி.

பாட்டு விட்டுப் போனது.
யாரும் தொடாத காலோடு
விரிப்பில் விழுந்தேன்.

நஸ்ரீன் தண்ணீர் கொடுத்தாள்.
"போன வருஷம் பிடிச்ச பதிவுக்கா.
பேரை எடுத்துட்டு நம்பர்தான் போடுவோம்.
யாருன்னு எங்களுக்கே தெரியாது."
எனக்குத் தெரியும், திரும்பப் போடு என்றேன்.

போட்டாள்.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
ஒன்பதாவது தடவையோ பத்தாவதோ,
பாய்வதற்கு முன்னால்
இடது தோள்புள்ளி ஒரு விரற்கடை சாய்வதைப் பார்த்தேன்.
பிறகுதான் ஏன் என்பதையும் பார்த்தேன்:
வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை.
பழைய அடி. சரியாகக் கூடாத எலும்பு.
அவளும் ஏதோ ஒரு பஸ்ஸில்
அந்தக் கையால் கம்பியைப் பிடிக்காமல்
யாருக்கும் தெரியாமல் வந்துபோயிருப்பாள்.

அவள் நம்பர் என் போனில் இருக்கிறது.
அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது
நான்கு தடவை அடித்தாள், நான் எடுக்கவில்லை.

கையை டாக்டரிடம் காட்டு என்று சொல்லலாம்.
தோள் காட்டிக்கொடுக்கிறது என்றும் சொல்லலாம்.

மாசியில் மாவட்டப் போட்டி.
மாசி முடியட்டும்.