வாளா

முதலில் அதற்குத் தீ கொடுத்தேன்.
அலகு முழுக்க எரிகிற வாள்.
எழுதி முடித்ததுமே சலித்துவிட்டது:
எரிகிற வாள் எல்லார் மேசையிலும் உண்டு.
பிறகு பேசவைத்தேன். வாய் திறந்ததும்
எங்கள் பிரிவு மேலாளரின் குரலில் பேசியது.
அதையும் அடித்தேன்.

ஸோலிங்கன், நவம்பர், செவ்வாய் இரவு.
ஓலிக்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடி.
பகலில் எனக்குக் கத்தரிக்கோல் சோதிக்கிற வேலை.
ஈரத்துணியில் ஒரு வெட்டு.
நுனிவரை இழுபடாமல் போனால் பெட்டிக்கு,
ஒரு நூல் தொங்கினால் திரும்பச் சாணைக்கு.
எட்டு மணிநேரம், ஒரே துணி, ஒரே வெட்டு.
அந்த அலுப்பில்தான் தோன்றியிருக்கும்:

எதையும் வெட்டும். ஆனால்
எதையும் ஒருமுறைதான்.

ஒரு கயிற்றை வெட்டிவிட்டால்
அதன்பிறகு உலகத்துக் கயிறுகளுக்கெல்லாம்
அது வெறும் இரும்புப் பட்டை.
ஒரு பூதத்தின் கழுத்தைச் சீவினால்
மற்றப் பூதங்கள் அதன்முன் நின்று பல் குத்தலாம்.

பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.
வெட்ட வெட்டச் சும்மா ஆகிற வாள்.
வாளா.

மூன்று இரவு பட்டியல் எழுதினேன்,
எண்ணூறு வருடத்தில் அது எதையெல்லாம் இழந்ததென்று.
கருங்காலி. இரும்பு. கோட்டைக் கல்.
ஓர் அரசன்; அதனால் பின்வந்த அரசர்கள் தப்பினார்கள்.
மூடுபனி: யாரோ ஒரு படகோட்டி, கரை தெரியாமல்.
பதினெட்டாவது, பூசணிக்காய்.
இருபத்தேழாவது, சட்டைப் பொத்தானில் நீட்டிக்கொண்டிருந்த நூல்;
அதைச் செய்த தளபதியின் பெயரைக்
கல்லறையில் பொறிக்க ஊர் மறுத்துவிட்டது.
தொப்புள்கொடி.
அந்த வரியை எழுதிவிட்டு
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
நாற்பத்தொன்றோடு நிறுத்தினேன்.

சனிக்கிழமை ஃப்ரவ்கே வீட்டில் கூடினோம்.
தோர்பன் ஒரு குவளை நிறைய உப்புக்குச்சி வைத்தான்.
துவாரகன் வூப்பர்டாலில் இருந்து
தொங்குரயில் நின்றுபோய் ஒரு மணிநேரம் பிந்தி வந்தான்.
அவனுக்கு வாள் தெரியும், வாளா தெரியாது.
சொன்னேன். "சும்மாவா?" என்று கேட்டுச் சிரித்தான்.

பட்டியலை வாசித்தேன்.
தோர்பன் பென்சிலோடு கணக்குப் பார்த்தான்:
இரும்பு போச்சு, கல் போச்சு, பாம்பு போச்சு.
"கண்ணாடி இருக்கிறது!" என்றான்,
புதையல் கண்ட முகத்தோடு.
அவர்களுக்கென்று நான் விட்டுவைத்ததே கண்ணாடியைத்தான்.
மூன்று வாரமாக வரைந்த கண்ணாடிக் கோபுரம்
மடித்து என் மடியில் இருந்தது.

ஃப்ரவ்கே அதுவரை பேசவில்லை.
சிறுநீரகப் பிரிவில் இரவு வேலை முடித்து
தூங்காமல் இருந்தவள்.
முதல் ஆட்டத்தில், போன ஏப்ரலில்,
சாகும்வரை உனக்காகப் போரிடுவேன் என்று
வெள்ளி ராணிக்குக் கையடித்துக் கொடுத்தவன் அவளுடைய வீரன்.
எங்கள் கதை முழுவதும் அந்த ஒரு வாக்கில் தொங்குகிறது.

"பட்டியலில் சத்தியம் இருக்கிறதா?" என்றாள்.

தாளைத் திருப்பினேன். மறுபக்கமும் பார்த்தேன்.
நிழல் இருந்தது. எதிரொலி இருந்தது.
சத்தியம் இல்லை.

"அதை வெட்டினால்," தோர்பன் மெல்லச் சொன்னான்,
"இனி வேறு எவருடைய சத்தியத்தையும்
இந்த வாள் தொட முடியாது."
"ம்" என்றாள். "அதற்கும் சேர்த்துத்தான்."

இருபது முகக் காய் உருண்டுபோய்
குவளையில் சாய்ந்து நின்றது,
ஒன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்.
திரும்ப உருட்ட வேண்டும் என்பது விதி.
நிமிர்ந்தால், ஃப்ரவ்கே தூங்கிப்போயிருந்தாள்,
கன்னம் அவள் வீரனின் தாள்மேல்.

கோபுரத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்.
பட்டியலில் நாற்பத்திரண்டு என்று போட்டு
எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
துவாரகன் விளக்கைக் குறைத்தான்.
அவளை எழுப்பாமல் வாளா இருந்தோம்,
காய் அசையாதபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
குவளையிலிருந்து தோர்பன்
ஓர் உப்புக்குச்சியை உருவும்வரை.