காலைச் சொட்டு

பூந்தா அரேனாஸ்.
முனைகளில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான்
இன்று யாரும் தெருவைக் கடக்க முடிகிறது.
அப்படியொரு காற்று.
மாடிப்படிக்குக் கீழே என் அறை.
ஒரு நுண்ணோக்கி, நான்கு சாயப் புட்டிகள்,
கதவில் ‘ஆய்வகம்’ என்று மட்டும்.
என்ன ஆய்வு என்று எழுதவில்லை.
வெட்கம் குனிந்து நுழைய அவ்வளவு இருட்டு போதும்.

முதலில் கிறிஸ்பின். மர அறுவை ஆலைப் பையன்,
பத்தொன்பது வயது, தலைமயிரில் மரத்தூள்.
“நான் சாகப்போகிறேன்” என்றான்.
“தண்ணீராக வருகிறது. பிசுக்கென்று. தொட்டால் நூல் இழுக்கிறது.”
எப்போது வருகிறது?
கூரையைப் பார்த்தான்.
“மாஃபால்தாவோடு பேசும்போது.”
மற்ற நேரத்தில்?
“பேசும்போது மட்டும்.”
எரிகிறதா? இல்லை.
உள்ளாடையில் மஞ்சளாய், பச்சையாய்? இல்லை.
யாரோடாவது படுத்தாயா?
காது பழுத்துவிட்டது. இல்லை.

என்னத்தைச் சொல்ல.
விருந்தாளி வருமுன்பே வாசல் கழுவி வைக்கிற உடம்பு,
தம்பி, உன் உடம்பு.
விருந்தாளி வராமலும் போகலாம்.
அதற்கு அதெல்லாம் தெரியாது.
குச்சி விட்டுப் பார்க்க ஒன்றுமில்லை என்றேன்.
பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றான்.
ஒரு கோப்பைச் சிறுநீர் வாங்கினேன்.
அதில் சீழணு தேடி நான் இழந்தது அரைமணி நேரம்.
அவன் இழந்தது மூன்று வாரத் தூக்கம்.
வாசலில் மறித்துச் சொன்னேன்,
நோய் இல்லைதான், ஆனால்
அந்தத் துளியாலும் பிள்ளை உண்டாகலாம்.
சிரித்தபடி போனவன் மறுபடி கவலையோடு போனான்.

பிறகு எலேயுத்தேரியோ.
ஐம்பத்திரண்டு. நண்டுப் படகு.
உட்காரவில்லை.
“குளிர்தான்” என்றார். “மூக்குக்குச் சளி பிடித்தால்
இதற்குப் பிடிக்காதா?”
நான்கு நாள் சளி.
கால்சட்டைக்குள் மடித்த துடைப்புத்தாள்.
விடிந்ததும் எழுந்து பார்த்தால்
நுனியில் முதல் சொட்டு,
கடுகு அரைத்த நிறத்தில்.
மூத்திரம் போவதென்றால்
படகின் இரும்புக் கம்பியைப் பல்லால் கடித்துக்கொள்வாராம்.
“ஒன்றும் பெரிதில்லை. மாத்திரை கொடுங்கள், போகிறேன்.”

கண்ணாடிச் சில்லில் தடவினேன்.
ஊதா. அயோடின். கழுவல். சிவப்பு.
வில்லைக்கு அடியில் இருந்தன,
வெள்ளணுவின் வயிற்றுக்குள் இரண்டிரண்டாய்,
தட்டைப்பக்கம் ஒன்றையொன்று பார்க்க
ரோஜா நிறக் காப்பிக்கொட்டைகள்.
வெட்டை.
இருபது வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.
யாரிடமும் சொன்னதில்லை.

முள் நண்டை வெறுங்கையால் பிரிக்கிற மனிதர்
ஊசியைக் கண்டதும் சுவருக்குத் திரும்பினார்.
ஏழு நாள் யாரோடும் கூடாது என்றேன்.
தலையாட்டினார்.
கூடவே ஒளிந்திருக்கும் மற்றொன்றுக்கு மாத்திரை,
காலையும் இரவும், அதுவும் ஏழு நாள்.
தலையாட்டினார்.
பெயர் வேண்டும் என்றேன்.
தலை நின்றுவிட்டது.

காற்று கதவைத் தட்டியது, யாருமில்லை.
“அவருக்கு ஒன்றுமில்லை. நான் கேட்டேன்.”
அவர் என்றால்?
மீன்சந்தைச் சீட்டின் பின்பக்கத்தில்
எழுத்துக்கூட்டி எழுதினார், வாயால் சொல்லவில்லை.
நோல்பெர்த்தோ.
அதே படகின் சமையல்காரர்.
சீட்டை நான்காக மடித்து
என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவரே மூடினார்.

அதிகாலையில் உள்ளாடையை விரித்துப் பார்த்துவிட்டு
ஓடி வருகிறவர்களுக்கு வழி உண்டு.
சொட்டாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வியாழன் மாலை நோல்பெர்த்தோ வந்தார்,
கையில் செய்தித்தாளில் சுற்றிய சூடான ரொட்டி.
கறை இல்லை, எரிச்சல் இல்லை, ஒரு சொட்டு இல்லை.
சிறுநீர் எடுத்தேன், தொண்டையில் குச்சி விட்டேன்.
இருமினார், மன்னிப்புக் கேட்டார்.
முடிவு திங்கள்தான். ஊசி இப்போதே.
சட்டையைச் சரிசெய்துகொண்டே
ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவருக்கு இன்னும் வலிக்கிறதா?”