தன் முதுகு

லால்பாக்கில் பாதியில் நின்றுபோன கட்டடம்.
கோர்ட் கேஸ் என்றார்கள்.
நாற்பத்தொரு மாடி. கண்ணாடி இல்லை, கைப்பிடி இல்லை,
லிஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில்
உச்சியிலிருந்து அடிவரை ஒரே இருட்டு.

மூன்று பத்துக்கு ஏறத் தொடங்கினோம்.
நான்கு பேர், நான்கு பை, ஒரு தண்ணீர் பாட்டில்.

பதினெட்டில் வழக்கம்போல ரூஸ்தமுக்கு மூச்சு வாங்கியது.
அம்மாவின் சமையலைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தான்.
யாரும் சிரிக்கவில்லை,
சிரிக்க எங்களிடமும் மூச்சு இல்லை.

காற்றைப் பற்றிப் பிரபோத் சொன்னால் நம்பிவிடுவோம்,
வர்ளி கோலிவாடாக்காரன்.
இத்தனைக்கும் அவன் கடலுக்குப் போனதே கிடையாது.
ஏடிஎம்மில் பணம் நிரப்பும் வண்டியில் வேலை.
விளிம்பில் குனிந்து எச்சில் துப்பினான்,
அது போன வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்,
"போகலாம்" என்றான்.

என் பாராசூட்டை மடித்தது தாராவியில்,
எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள தையல் யூனிட்டில்,
மெஷின்கள் தூங்கும் ஞாயிறு மதியம்.
துணி காயப்போடும் கிளிப் பதினாறு,
இரண்டு மணி நேரம்.
தூசு படக்கூடாதென்று தரையை இசக்கி கூட்டித் தந்தான்.
கூடாரம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

குதிப்பதற்கு முன் ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்போம்.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை
வீட்டில் வசவாகச் சொல்வார்கள்.
இங்கே அது வெறும் தகவல்.
நூல் வளையத்துக்குள் வளைந்த ஒரு ஊசி,
சுண்டுவிரலைவிடச் சிறியது,
அவ்வளவுதான் எல்லாமும்.
இரண்டாவது பாராசூட் கிடையாது.

லவீனா பகலில் பல் டாக்டர்.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
என் ஊசியைத் தொட்டாள், நாடாவை வருடினாள்,
தோளில் இரண்டு தட்டு.
இரண்டு தட்டினால் சரி என்று அர்த்தம்.
ஒரு தட்டு என்று ஒன்று இல்லை.

ரூஸ்தம் போனான்.
அதற்குப் பிறகு வரும் மௌனத்துக்கு
இரண்டு செகண்ட் நீளம்.
அந்த இரண்டில் மேலே நின்ற மூவருக்கும்
ஒரே நெஞ்சு.
கீழே யாரோ ஈரப் போர்வையை உதறினாற்போல்
படார்.
கூட்டாக மூச்சு விட்டோம்.

லவீனா போனாள். படார்.

என் முறை.
காற்று சரி. ஊசி சரி.
கீழே மைதானம் ஒரு தபால்தலை அளவுக்கு, அதுவும் சரி.
கால் வரவில்லை.
ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

பிரபோத் என்னைப் பார்த்தான், நேரத்தைப் பார்த்தான்,
தன் நெஞ்சுப் பட்டையைக் கழற்றினான்.
"வா, படி."

ஒன்பது எண்ணுவதற்குள் மண்ணைத் தொட்டிருப்பான்.
என்னோடு நாற்பத்தொரு மாடி இறங்கினான்,
செங்கல், கம்பி, புறா எச்சம்.
இருபத்தாறில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
"போன வருஷம் எனக்கும்..." என்று ஆரம்பித்தவன்
அடுத்த திருப்பத்தில் முட்டியை இடித்துக்கொண்டான்.
கதை அங்கேயே நின்றது.

இறங்கியவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல்
நிற்கக்கூடாது என்பது எங்கள் சட்டம்,
போட்டவன் ரூஸ்தம்.
அரை மணி கழித்து நாங்கள் வெளியே வந்தபோது
ஆஸ்பத்திரி கேட் அருகே, சைக்கிள் டீக்காரனிடம்,
நாட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருந்தான்.
முழங்கால்வரை மைதானத்துச் சேறு.
பெஞ்சில் இரண்டு கட்டிங்,
ஏடு படிந்து ஆறியிருந்தன.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
லவீனா என்னைத் திருப்பி நிறுத்தி
இன்னும் உருவாத ஊசியை எட்டிப் பார்த்தாள்.
இரண்டு தட்டு.

கரி ரோட்டில் முதல் லோக்கல்.
மடியில் பை.
எதிர் சீட்டுக்காரர் கேட்டார்: "உள்ளே என்ன?"
"துணி."
"தையலா?"
"ஆமாம்" என்றேன்.
சயான் வரை தூங்கினேன்.