இடது சேனல்

ராத்திரி முழுக்க மஹாபேயில்
நானூறு சர்வர்களின் விசிறிக் காற்றில் இருந்துவிட்டு
நாலரைக்குச் செம்பூர் வந்து
மூன்று மாடி ஏறுகிறவனுக்கு
இடது ஸ்பீக்கரில் ஒரு ஸ்ஸ்ஸ் என்றால்
கோபம் வராதா?

பாட்டு இன்னும் போடவில்லை.
சும்மா இருக்கும்போதே ஸ்ஸ்ஸ்.
நடுநடுவே கடுகு தாளித்ததுபோல் நாலைந்து பொரிதல்.
அடியில் ஒரு முனகல்.
முனகல் சுவரிலிருந்து வருவது, நொடிக்கு ஐம்பது தரம்,
ஊரே அந்தச் சுருதியில்தான் முனகுகிறது.
அதை மன்னித்துவிட்டேன்.

முதலில் ஃப்ரிட்ஜை அணைத்தேன்.
பால் திரிந்தது, சத்தம் தீரவில்லை.
சார்ஜரைப் பிடுங்கினேன்.
விளக்கை அணைத்து இருட்டில் கேட்டேன்.
கீழ்வீட்டு மாத்ரேயின் மிக்சி மேல் சந்தேகம் வந்து
விடியும்வரை காத்திருந்து போய் மணி அடித்தேன்.
பூட்டியிருந்தது. ரத்னகிரிக்குப் போய் ஒரு வாரமாம்.

பிறகு வால்வுகள்.
ஸ்விட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி,
கண்ணாடி ஆறக் காத்திருக்க வேண்டும்.
அதற்குப் பிறகும் உள்ளே கண்டென்சரில்
கரண்ட் பழைய கடன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.
அடிமூடியை நான் திறக்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒன்பது கால்.
ஜூலை ஈரத்தில் எல்லாக் காலிலும் களிம்பு.
ஜெசிந்தா பல்லிடுக்குக்கு வைத்திருக்கும் குட்டி பிரஷ்ஷால்
ஸ்பிரிட் தொட்டுத் துலக்கினேன்.
இதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை.

பொரிதல் நின்றது. ஸ்ஸ்ஸ் நிற்கவில்லை.

இடதை வலதில் செருகு, வலதை இடதில் செருகு.
கூடவே போனால் குற்றம் வால்வுடையது,
அங்கேயே நின்றால் உன் தலையெழுத்து
என்றார் லாமிங்டன் ரோட்டில் ஹிர்ஜி காலா,
தன் கடையைவிட அகலமான மனிதர்.

மாற்றினேன்.
சத்தம் வலதுக்குப் போயிற்று.
ஆனந்தத்தில் கத்திவிட்டேன்.
உள்ளறையில் ஜெசிந்தா புரண்டு படுத்தாள்.
கட்டிலின் கிறீச்
வலது ஸ்பீக்கரிலும் கேட்டது.

பென்சிலைத் திருப்பிப் பிடித்துத் தட்டினேன்.
மற்றதெல்லாம் டொக்.
இது மட்டும் டிங்ங்ங்,
பூசையில் அடிக்கும் சின்ன மணி மாதிரி.
உள்ளே ஏதோ ஒரு கம்பி தளர்ந்துவிட்டால்
பேச வேண்டிய வால்வு கேட்கத் தொடங்கிவிடும்.

புதியது வரப் பத்து நாள் ஆகும் என்றார் காலா.
அதுவரை இருக்கட்டும் என்று
பழைய இடத்திலேயே செருகினேன்.

நான் ஆம்ப்பை அணைக்காமல் தரையில் தூங்கிப்போகிறவன்.
ஐந்தே முக்காலுக்கு அவள் கோவண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்.
கட்டிலிலிருந்து எட்டு டிங்.
சமையலறைக்குள் பதினொன்று.
செருப்புத் தேடும்போது ஒரு கொத்து.
கதவுக்கு ஒன்று, பெரியது.
அப்புறம் ஸ்ஸ்ஸ்.
மூன்றாம் நாளிலேயே
அவள் எந்த டைல்ஸ் மேல் நிற்கிறாள் என்று
கண்ணைத் திறக்காமல் சொல்ல முடிந்தது.

ஒரு விடியலில் இரண்டு டிங் என் தலைமாட்டுக்கு வந்தது.
வந்து நின்றது.
வெகுநேரம் எதுவுமில்லை.
அப்புறம் திரும்பிப் போனது.

புது வால்வு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
செருகினேன். ஒன்றுமே இல்லை.
அவ்வளவு சுத்தம்.
விழித்தபோது மணி ஒன்பது,
அடுப்பில் பாத்திரம் ஆறியிருந்தது,
அவள் போனதே தெரியவில்லை.

சாயங்காலம் சொன்னேன், எல்லாவற்றையும்,
பிரஷ் விஷயம் தவிர.
யூனிபார்மை மடித்துக்கொண்டே கேட்டாள்,
"கண்ணத் தொறந்து பாத்தா போதாதா?
கூட ஒரு கட்டஞ்சாயா போட்டுத் தந்தா
தேஞ்சா போவீய?"

பழைய வால்வு முட்டை அட்டையில் ஆறாவது குழியில் கிடக்கிறது,
பென்சிலில் 'இடது' என்று எழுதி.

இன்றைக்கு அவள் சாயாவில் சீனி மறந்துவிட்டேன்.
ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.
மாத்ரே குடும்பம் ஊரிலிருந்து வந்துவிட்டது போல,
கீழே மிக்சி ஓடுகிறது.