ஒன்பது கோழி

காஸ்த்ரோ ஊரில், வேட்டைச் சாமான் கடையில்
விலை கேட்டேன். தொண்ணூறாயிரம் பேசோ.
அசைவு கண்டால் தானே படமெடுக்குமாம்,
மழை தாங்குமாம்.
தொண்ணூறாயிரத்துக்கு ஒன்பது கோழி வாங்கலாம்.
எனக்குப் போனது நாலு.

எலெயூத்தேரியோ பொறியோடு வந்தார்,
அதன் பல்லெல்லாம் துரு.
குயின்யாதான், வேறெது?
வீட்டுப்பூனையைவிடச் சின்ன காட்டுப்பூனை,
சிலோயே தீவில் எந்தக் கோழி செத்தாலும்
வழக்கு அதன் பேரில்தான்.
யார் பார்த்தது, என்றேன்.
பார்க்க வேறு வேண்டுமா, என்றார்.

எனக்குப் பார்க்க வேண்டும்.
ராத்திரி முழுக்க சால்மன் ஆலையில்
மீனுக்கு முள் பிடுங்குகிறேன்.
என் வீட்டு இருட்டை நான் பார்த்து
ஆறு வருஷம் ஆகிறது.

ஞாயிறு சந்தையில்
கீறல் விழுந்த கேமரா, எட்டாயிரம்.
யாரோ ஒருத்தியின் கல்யாணம்
பன்னிரண்டு படமாய் அதற்குள் கிடந்தது.
கடைசிப் படத்தில்
மணப்பெண் கண்ணை மூடியிருந்தாள்.
அழிக்க மனசு வரவில்லை.

அக்கா வீட்டு மாடிப்படி விளக்கு
ஆள் வந்தால் எரிகிற ரகம்,
எரியாமல் போய் ஒரு வருஷம்.
செத்தது பல்புதான்.
ஆள் சூட்டை மோப்பம் பிடிக்கிற வெள்ளைக் குமிழ்
யாருக்கும் சொல்லாமல்
உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆலையில் குளிர்பெட்டி ரிப்பேர் பார்க்கும் ரைமாப்பு
தேநீர் இடைவேளையில்
இரண்டையும் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்தான்.
லென்சுக்குப் பின்னால் ஒரு சில்லு இருக்கும்,
அதைக் கழற்று, இருட்டு தெரியும்.
கழற்றினேன்,
முள் பிடுங்குகிற அதே இடுக்கியால்,
மூச்சை அடக்கிக்கொண்டு.
ரிமோட்டின் மூக்கில் இருக்குமே,
கண்ணுக்குத் தெரியாமல் எரிகிற பல்பு,
அதில் பத்து.
என் சாப்பாட்டு டப்பாதான் வீடு.
விளிம்பெல்லாம் சிலிக்கான்.
மொத்தம் பதினேழாயிரம்,
ரைமாப்புக்குத் தந்த ரொட்டியைச் சேர்க்காமல்.

முதல் நாள் இருநூற்றுப் பதினாறு படம்.
அத்தனையும் பெரணி.
காற்றுக்குத் தலையாட்டும் பெரணி,
வெயிலில் பெரணி, மறுபடி பெரணி.
வெட்டினேன்.
இரண்டாம் நாள் டப்பாவுக்குள் வேர்த்து
எல்லாம் வெறும் பால்.
அரிசி முடிச்சு வைத்தேன், அது ஊறிப்போனது.
புதுச் செருப்போடு வருமே, தின்னாதே என்று எழுதிய பொட்டலம்,
அதுதான் உதவியது.
நாலாம் இரவு பேட்டரி செத்தது.
குளிரில் மலிவு பேட்டரி நிற்காது.
மிச்சம் பிடிக்க எத்தனையோ இடம் உண்டு,
இது அதில் சேராது.

எட்டாம் நாள் ஒரு பூட்ஸ்.
பூட்ஸுக்கு மேலே நான்,
ஷிப்டு முடிந்து வந்த முகத்தோடு.
வெகுநேரம் பார்த்தேன் அந்தப் பெண்பிள்ளையை.

பதினோராம் இரவு, மூன்று பதினான்கு.
மழை கோடு கோடாக விழுகிறது.
கூண்டின் பின்பக்கம்,
தலையும் தோளும் வெளியே, மிச்சம் உள்ளே.
கன்னத்தில் கறுப்புக் கோடு.
வாயில் ஒரு இறகு.
கண் இரண்டும் திறந்து
நேரே என்னைப் பார்க்கிறது.

ஆக, எலெயூத்தேரியோ சொன்னது சரி.
ஐந்தாவது கோழியைப் புதைத்துவிட்டு
கோபத்தோடுதான் மறுபடி பார்த்தேன்.
அப்போதுதான் பலகை தெரிந்தது.
அடியில் அழுகிய மூலை,
என் முஷ்டி அளவு ஓட்டை.
முன்பக்கம் முழுக்க ஆணியடித்த நான்
பின்பக்கம் போனதே இல்லை.

ஒரு துண்டுப் பலகை. ஆறு ஆணி.
குனிந்து அடிக்கும்போது
குமிழ் என்னையும் மோப்பம் பிடித்து
படக் படக்கென்று எடுத்துத் தள்ளியது.

சனிக்கிழமை எலெயூத்தேரியோ வேலியருகே நின்றார்.
என்ன விழுந்தது உன் டப்பாவில்?

பெரணி, என்றேன்.
இருநூற்றுப் பதினாறு.
பொறியை எடுத்துக்கொண்டு போங்கள்,
காலில் இடறுகிறது.