வெறுந்தட்டில் இருநூறு கிராம்

டுங்கா கரையில்
விடியுமுன் தராசை மாட்டுகிறேன்.
மீன் ஏறாத தட்டிலேயே
முள் இருநூறு கிராம் காட்டுகிறது.
திருகிப் பார்த்தாயிற்று. தட்டிப் பார்த்தாயிற்று.
அதன் நெற்றியில் தேய்ந்த கிரீடம் ஒன்று,
எந்த ராஜாவுடையதோ ராணியுடையதோ,
எதற்கும் அசையவில்லை.
அந்த இருநூறுக்காக
ஆலைக்காரன் கிலோவில் பாதியைக் கழிக்கிறான்.

அவன் வாங்குவது பெருமீன்.
எவரோ ஒரு துரை வாளியில் கொண்டுவந்து விட்டாராம்.
அது இங்கிருந்த சின்ன மீன்களைத் தின்று
ஆள் உயரம் வளர்ந்தது.
இப்போது அதன் சதை
பனிக்கட்டியில் படுத்து விமானம் ஏறுகிறது.
தலையும் நடுமுள்ளும் எங்களுக்கு.
எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால்
குழந்தைகள் விரலையும் சேர்த்துக் கடிக்கும்.
அதற்குக் கடைத்தெருவில் பெயர்
திறந்த முதுகு.

ராணி இங்கே வந்ததில்லை.
அறுபத்து மூன்று வருடம் ஆண்டவளுக்கு
ஒரு நாள் ஒழியவில்லை போலும்.
ரயில் இந்தக் கரையைத் தொட்டபோது
அவளைப் புதைத்து மாதங்கள் ஆகியிருந்தன.
வராத விருந்தாளி
மறந்துவைத்துப் போன குடை மாதிரி
தண்ணீரின் மேல் கிடக்கிறது அவள் பெயர்.
எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை,
மடக்கி வைக்கவும் தெரியவில்லை.

என் தம்பி ஒக்வேனோ
ஒன்பது நாளாக வரவில்லை.
எல்லை தாண்டினானாம்.
அலைக்கு நடுவில் எது எல்லை?
அளவுகோல் வைத்து யாரோ இழுத்த கோடு.
இழுத்தவன் சட்டைக் கைகூட நனைந்திருக்காது.
மீன் அந்தப் பக்கம் போனது,
வலை மீனோடு போனது,
தம்பி வலையோடு போனான்.

காவல் நிலையத்தில் படிவம் தந்தார்கள்.
காணாமற்போனவர் பெயர்.
வயது.
படகின் நிறம்.
சம்பவம் நடந்த இடம்.
எங்கள் மொழியில் ஏரிக்கு
நாம் என்று பெயர்.
நாம் லோல்வே. கரை காணாதது.
நாம் என்று எழுதினேன்.

எழுத்தர் நீலப் பேனாவால் அடித்தார்.
'நாம் என்று ஓர் இடம் இல்லையம்மா.'
மேலே ராணியின் பெயரை எழுதினார்,
ஒரு எழுத்தை விட்டுவிட்டு
அப்புறம் இடையில் செருகினார்.
முத்திரை குத்தும்போது அவருக்குத் தொலைபேசி.
அவர் அம்மா போலிருக்கிறது.
குரல் சட்டென்று தணிந்தது:
'சனிக்கிழமை வந்துவிடுவேன்.
பஸ் வேண்டாம், நாம் வழியாகவே வருகிறேன்.'
நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.

பதினோராம் நாள் ஒக்வேனோ வந்தான்.
எஞ்சின் வரவில்லை.
இடது காது கேட்கவில்லை என்கிறான்.
அந்தக் கரையில் இதே தண்ணீருக்கு
நலுபாலே என்று பெயராம்.
அவனை அடித்தவனே சொல்லித் தந்தானாம்,
ஓய்ந்து, சிகரெட் பற்றவைத்த நேரத்தில்.
'படிவத்தில்?' என்று கேட்டேன்.
'படிவத்தில் அவள்தான்' என்றான்,
திறந்த முதுகிலிருந்து
முள்ளை உருவிக்கொண்டே.

இன்று காலை
மொட்டைத்தலை நாரைகள் வரிசையில் நிற்க
ஒற்றை மீன் ஏறியது தட்டில்.
பதினான்கு என்று சத்தமாகச் சொன்னேன்.
ஆலைக்காரன்
பதின்மூன்றரை என்று எழுதினான்.
பேனாவை அவன் கையிலிருந்து வாங்கினேன்.
இன்னும் திருப்பித் தரவில்லை.